நீ பிறந்த வருடத்து மூன்று காசுகள்

அன்புள்ள நிவேதா,

போனில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரத்தில் மூன்று முறை உன்னைக் கூப்பிட்டேன். மூன்று முறையும் "சாப்பிட்டியாம்மா, பெங்களூர்ல குளிரா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாய் வரைக்கும் வந்ததை விழுங்குவதில் எனக்குப் பதினெட்டு வருடப் பழக்கம். எழுத ஆரம்பித்தால் பாதியில் நிறுத்த மனம் வராது என்பதால் எழுதுகிறேன். உன் அம்மா இதைப் படித்துவிட்டாள். பிரவீனிடமும் காட்டு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவன் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்தக் காசுக் கதையை நீ அவனிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஆவணியில் உன் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள், பரணிலிருந்து உன் பழைய சாமான்களை இறக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? ஸ்டூல் மேல் நின்று நீ ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, பிரவீன் கீழே நின்று வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் ட்ரே வந்ததும் "இது என்ன?" என்று கேட்டான். நீ இறங்கி வந்து தூசியைத் துடைத்தாய். "இது என் காயின் கலெக்‌ஷன். எல்லாமே சில்லறையில வந்த ஒரு ரூபாய் காசு. நான் பொறந்த வருஷத்துல இருந்து எனக்குப் பத்து வயசாகிற வரைக்கும். இந்த மூணு குழி காலியா இருக்கில்ல, மீன் விக்க வர்ற ஒரு அக்கா எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்குக் கத்துக்கிட்டேன், யாரையும் நம்பி எதையும் கண்ணு முன்னாடி வைக்கக் கூடாதுன்னு." சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அவனும் சிரித்தான். நான் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் நாளை பிள்ளைகள் பிறந்தால் அவர்களுக்கும் இந்தக் கதை போகும் என்று அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

அந்தக் காசுகளைக் கன்னியம்மா எடுக்கவில்லை, நிவே. நான் எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நீ நான்காம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள், கடையிலிருந்து வந்த சில்லறையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தாய். "அப்பா, இதுல வருஷத்துக்குக் கீழ ஒரு ஸ்டார் இருக்கு. இதுல புள்ளி இருக்கு. இதுல ஒண்ணுமே இல்ல. ஏன்?" எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் ஒருவரைக் கேட்டு வந்து சொன்னேன்: காசு அடிக்கும் ஆலைகள் நான்கு ஊர்களில் இருக்கின்றன, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா, வைரம் போல இருந்தால் மும்பை, ஒன்றும் இல்லாவிட்டால் கொல்கத்தா. அதோடு போயிற்று என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ பாதி நோட்டுக்குக் கட்டம் போட்டுவிட்டாய். ஒவ்வொரு வருடத்துக்கும் நான்கு கட்டம். மறைமலை நகர் கம்பெனியில் புஷ் என்கிற சின்ன இரும்பு வளையங்களை அடுக்கி வரும் ட்ரே ஒன்றைக் கழித்துப் போட்டிருந்தார்கள். சூப்பர்வைசர் என்ற உரிமையில் அதைக் கேட்டு வாங்கி வந்தேன். அதன் குழிகளில் ஒரு ரூபாய்க் காசு அளவெடுத்ததுபோல உட்கார்ந்தது. அன்று நீ என் கழுத்தைக் கட்டிக்கொண்டதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தோளில் கனம் தெரிகிறது.

சட்டம் போட்டதும் நீதான். காசை விலைக்கு வாங்கக் கூடாது, சில்லறையாகத்தான் வர வேண்டும். யாரிடமிருந்தாவது எடுத்தால் பதிலுக்கு வேறு ஒரு ரூபாயைக் கையோடு கொடுத்துவிட வேண்டும். மளிகைக் கடை, பால் பூத், என் பர்ஸ், உன் அம்மா பள்ளிக்கூடம் போய்வரும் ஷேர் ஆட்டோ என்று தாம்பரத்தில் எந்தச் சில்லறையும் உன் கண்ணுக்குத் தப்பவில்லை. ஆனால் பெரிய சுரங்கம் கன்னியம்மாவின் சுருக்குப்பைதான். கானாத்தூர் குப்பத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குள் சேலையூரில் நம் தெருவுக்கு வந்துவிடுவாள். அலுமினியக் கூடையை நம் வாசலில் இறக்கியதும் நீ போய் எதிரே உட்கார்ந்துகொள்வாய். அவள் சுருக்குப்பையை அவிழ்த்து, விரித்த பேப்பரின் மேல் கவிழ்ப்பாள். "கொட்டிட்டேன் கண்ணு, பொறுக்கிக்கோ. இந்தக் காசுல இன்னாதான் கீதோ உனக்கு!" என்பாள். மீன் வாடை அடிக்கும் காசுகளை நீ ஒவ்வொன்றாகப் புரட்டுவாய். நீ பிறந்த வருடத்து நட்சத்திரக் காசு அவளிடம்தான் கிடைத்தது. அன்று நீ குதித்த குதியில் சங்கரா மீன் இரண்டு கூடையிலிருந்து கீழே விழுந்தது. அவள் திட்டவில்லை. சேர்ந்து சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் வாசலில் பேப்பர் வாங்க மூன்று ரூபாய் சில்லறை வேண்டும். பர்ஸில் நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. காலங்காத்தாலே நூறை நீட்டினால் பேப்பர்காரர் முகத்தைச் சுளிப்பார். டி.வி. ஸ்டாண்டின் மேல் உன் ட்ரே இருந்தது. ஓரத்து வரிசையிலிருந்து மூன்று காசை எடுத்துப் பையில் போட்டேன். ஒரு ரூபாய் என்றால் எல்லாம் ஒரு ரூபாய்தானே, சாயங்காலம் வேறு மூன்றைப் போட்டுவிடலாம் என்பதுதான் என் நினைப்பு. எந்த வரிசை என்றுகூடப் பார்க்கவில்லை. எட்டு மாதமாக என் கண்ணெதிரே நீ சேர்த்ததை அவ்வளவு லட்சணமாகத்தான் நான் கவனித்திருந்தேன்.

அன்றைக்குத்தான் நீ கன்னியம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று ட்ரேயை முதல்முறையாக வாசலுக்குத் தூக்கிப் போயிருக்கிறாய். சுற்றிலும் அக்கம்பக்கத்துப் பெண்கள், பேரம், கூச்சல். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீடு தள்ளிப் போன பிறகுதான் நீ பார்த்தாய். நீ பிறந்த வருடத்து வரிசையில் ஒன்று மட்டும் இருந்தது, மூன்றைக் காணோம். நீ அழுத அழுகையில் உன் அம்மா வெளியே போய் அவளைக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சுருக்குப்பையைக் காட்டச் சொன்னாள். பையில் அந்தக் காசுகள் இல்லை. "இடுப்புல சொருகியிருப்பா" என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். இனிமேல் இந்தத் தெருவுக்குள் வராதே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது எதிர்வீட்டு அம்மாள் நம் ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். உன் அம்மா எழுந்து வந்து நடந்ததைச் சொன்னாள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த கால் அப்படியே நின்றுவிட்டது. என்னிடமிருந்து மூன்று காசை வாங்கிப் பேப்பர்காரர் டப்பாவில் போட்ட சத்தம்கூட எனக்குக் கேட்டது. "நான்தான் எடுத்தேன்" என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். ஆனால் வெளியாள் எதிரில் உன் அம்மாவுக்குத் தலைகுனிவாகிவிடும், அவர் போகட்டும் என்று நினைத்தேன். அவர் போன பிறகு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். உன் அம்மாவைக் காப்பாற்றத்தான் பேசாமல் இருந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நான் காப்பாற்றியது என்னைத்தான். ஷிஃப்டில் முப்பது பேர் பயப்படும் ஆள், பத்து வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேசப் பயந்தேன்.

அதைவிட மோசமானது மறுநாள் நடந்தது. உனக்கு நினைவில்லை என்று நினைக்கிறேன். ஸ்கூல் பஸ்ஸுக்காக கேம்ப் ரோடு முனையில் நின்றிருந்தோம். என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "அப்பா, கன்னியம்மாக்கா எடுத்திருக்க மாட்டாங்கதானே?"

அதைவிட நல்ல தருணம் ஒருவனுக்குக் கிடைக்காது, நிவே. நீயே கதவைத் திறந்து வைத்தாய். நான் சொன்னேன்: "யாருக்கும்மா தெரியும்? நம்ம பொருளை நாமதான் பத்திரமா வச்சுக்கணும்."

நீ தலையாட்டினாய். அன்று சாயங்காலமே ட்ரேயைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு காசைக்கூட நீ வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு நீ வளர்ந்தாய், நன்றாகப் படித்தாய், எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வந்தால் மேஜை டிராயரை மூடுவாய். ஹாஸ்டலில் கூட இருந்த பெண் உன் சார்ஜரை எடுத்ததற்கு ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. "உங்க பொண்ணு ரொம்ப உஷார்" என்று சொந்தக்காரர்கள் மெச்சும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அந்த உஷார் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

ஆவணியில் நீங்கள் கிளம்பிப் போனதும் ட்ரேயை என் அறைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டேன். முதலில் அந்த மூன்று காசையும் தேடி வைத்துவிடுவது, பிறகு சொல்வது என்று முடிவு செய்தேன். வெறும் கையோடு வந்து நிற்க வெட்கமாக இருந்தது. ரிட்டயர் ஆன மனிதனுக்கு நேரத்துக்கா பஞ்சம்? ஆனால் இப்போது யாரிடம் சில்லறை இருக்கிறது? இளநீர்க்காரர்கூட வண்டியில் ஸ்கேன் அட்டையைத் தொங்கவிட்டிருக்கிறார். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது மெடிக்கல் ஷாப்பில் நான் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு மீதிக்காக நின்றதைப் பார்த்து, "என்னப்பா, போன்ல போட்டுட்டு வாங்களேன், பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க" என்று கடிந்துகொண்டாயே, அது இதற்காகத்தான்.

டீக்கடை, தக்காளி வண்டி, கோயில் வாசல் பூக்கடை என்று எதையும் விடவில்லை. வேலையே இல்லாமல் தாம்பரத்திலிருந்து மேடவாக்கத்துக்கு பஸ் ஏறி, கண்டக்டரிடம் தாளைக் கொடுத்து மீதியை ஒரு ரூபாயாகக் கேட்டேன். "சில்லறை குடுங்க குடுங்கன்னு நான் கத்திகினு வர்றேன். நீ இன்னா சார், சில்லறை வாங்கவே பஸ் ஏறுறியா?" என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னேன். பொண்ணுக்காக என்பது வரை மட்டும்தான். அவர் பையை என் மடியில் சாய்த்துவிட்டு, "சீக்கிரம் பாரு சார், அடுத்த ஸ்டாப்புல கூட்டம் ஏறும்" என்றார். அந்தப் பையில் புள்ளிக் காசு இருந்தது. கண் மங்கி, வருடம் சரிதானா என்று பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன். மும்பைக் காசு ஐப்பசியில் காய்கறிக்காரம்மாவிடம் வந்தது.

நட்சத்திரம்தான் வரவே இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். அங்கே தார்ப்பாய் விரித்துப் பழைய காசு விற்கும் ஒருவரிடம் அது இருந்தது. அதே வருடம், அதே நட்சத்திரம். ஐம்பது ரூபாய் என்றார். கையில் எடுத்துவிட்டேன். வாங்கினால் யாருக்குத் தெரியப் போகிறது? அந்தக் கேள்வி மனதில் வந்ததும் காசைத் திரும்ப வைத்துவிட்டேன். ஒருமுறை அப்படி நினைத்ததில்தானே இவ்வளவும் வந்தது. கார்த்திகை கடைசியில், நீ என்னைக் கடிந்துகொண்ட அதே மெடிக்கல் ஷாப்பில், பிரஷர் மாத்திரைக்கு மீதியாக வந்த நான்கு காசில் அது இருந்தது. வீட்டுக்கு வந்து குழியில் வைத்தேன். ட்ரே நிறைந்துவிட்டது. பெரிய நிம்மதி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முழுதாக நிறைந்த ட்ரேயைப் பார்க்கப் பார்க்க, அந்த நட்சத்திரத்தை முதலில் கொண்டுவந்து கொடுத்தவளின் முகம்தான் தெரிந்தது.

உன் அம்மாவிடம் அன்றே சொன்னேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை கை நிற்கவில்லை. முடித்ததும் நின்றது. "அவ பையைக் காட்டச் சொன்னது நான். அவ இடுப்பைப் பார்த்தது நான். அந்தப் பாவத்தை என் தலைல வச்சுட்டு இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டீங்களா?" என்றாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "முதல்ல நீங்க போங்க. நீங்க செஞ்சதை நீங்க சொல்லுங்க. நான் செஞ்சதுக்கு அப்புறம் நான் போறேன்" என்றாள்.

கேம்ப் ரோட்டில் மீன் விற்கும் பெண்களிடம் விசாரித்ததில் கன்னியம்மா இருக்கும் இடம் தெரிந்தது. கானாத்தூரில் கடற்கரைச் சாலை ஓரமாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது. "வா சார், இன்னா வேணும்? வவ்வா கீது, நெத்திலி கீது" என்றாள். சேலையூர், காசு சேர்க்கும் பெண் என்று சொன்னதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காசுக்காரப் பொண்ணோட அப்பனா நீ?"

நின்றபடியே சொன்னேன். நான்தான் எடுத்தேன், அன்றைக்கே எனக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை, மன்னித்துவிடம்மா என்று. அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன் சார். தெருவே கைய விட்டுப் பூட்டுச்சு எனக்கு. பதினோரு வூடு. அடுத்த தெருவுலயும் சொல்லிட்டாங்க. கூடையத் தூக்கிகினு மெயின் ரோட்டு வெயில்ல குந்தினேன். என் மருமவ கேட்டா, 'இன்னாத்தே, மூணு ரூபாய்க்கா பேர கெடுத்துக்கின?'ன்னு. வூட்லயே நம்பல சார். மன்னிக்கிறதுக்கு இன்னா கீதுன்னு எனக்குத் தெரியல. வந்து சொன்ன பாரு, அது வரைக்கும் சரி."

கிளம்பத் திரும்பியபோது அவளே கூப்பிட்டாள்.

"பொண்ணு எப்டி கீது?"

கல்யாணம் என்றேன். அவள் முகம் மாறியது. அப்போதுதான் அவள் சொன்னாள், எனக்கும் உன் அம்மாவுக்கும் அன்றுவரை தெரியாத ஒன்றை. "அன்னிக்கு எல்லாரும் திட்டி அனுப்பினாங்க இல்ல, நான் தெரு முனை தாண்டல, அது வெறுங்காலோட பின்னாடியே ஓடியாந்துச்சு. மூச்சு வாங்குது. என் கூடையப் பிடிச்சிகினு, 'நீங்க எடுக்கலக்கா. எனக்குத் தெரியும்'னுச்சு. அத்த சொல்லிட்டுத் திரும்பி ஓடிடுச்சு. ஊரே திருடின்னு சொன்னப்போ அந்த ஒரு பேச்சுதான் சார் எனக்கு. வூட்டுக்குப் போற வரைக்கும் பஸ்ல அதையே நெனச்சிகினு போனேன்."

நீ அதை மறந்துவிட்டாய் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன்னை மறக்க வைத்தது யார் என்று யோசித்துக்கொண்டே பஸ் ஸ்டாப்பில் மூன்று பஸ்ஸை விட்டேன். அன்று நீ யார் கண்ணிலும் படாமல் ஓடிப்போய்ச் சொன்னதை, மறுநாள் நான் ஒரே வரியில் அழித்திருக்கிறேன். யாரையும் நம்பக் கூடாது என்று நீ கன்னியம்மாவிடம் கற்றுக்கொள்ளவில்லை, என்னிடம் கற்றுக்கொண்டாய். பிரவீனோடு வாழப்போகும் வீட்டுக்கு அந்தப் பாடத்தைக் கொண்டுபோகாதே. அங்கே நீயும் தவறு செய்வாய், அவனும் செய்வான். சின்னதாக இருக்கும்போதே, எதிரே யார் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாலும், சொல்லிவிடுங்கள். புத்திமதி சொல்ல எனக்கு யோக்யதை இருக்கிறதா தெரியவில்லை. பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அன்று கானாத்தூரிலிருந்து கிளம்பும் முன் கன்னியம்மாவுக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அனுமதி கேட்டிருந்தேன். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள். "நீ குடுக்காத சார். அந்தப் பொண்ணு வந்து குடுக்கட்டும். வர்றனா இல்லையான்னு அதுகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் நீ வந்து இறங்குகிறாய். என்மேல் கோபம் இருந்தால் வழியெல்லாம் பேசாமலேயே வா, பரவாயில்லை. உன் அம்மா புடவை எடுத்து வைத்துவிட்டாள், அவளும் வருகிறாள். பெயர் எழுதாத பத்திரிகை ஒன்றை உனக்காகத் தனியே வைத்திருக்கிறேன். கானாத்தூருக்குப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் கொஞ்சம் பின்னாலேயே நின்றுகொள்கிறோம். அவளிடம் என்ன பேச வேண்டும் என்று நான் உனக்குச் சொல்லித்தரப் போவதில்லை. பத்து வயதில், யாரும் சொல்லித்தராமல், வெறுங்காலோடு ஓடிப்போய் நீயே பேசியிருக்கிறாய்.

உன்
அப்பா